ஈரத் துணியை உறிஞ்சிய குழந்தை: படுக்கையருகே இருப்பவரின் சொல் மருத்துவரை எட்டாத ஒரு நிகழ்வின் ஆய்வு

2001 ஜனவரியில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜோசி கிங் என்னும் 18 மாதப் பெண் குழந்தை வீட்டுக் குளியல் தொட்டிக்குள் ஏறி வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். உடலின் பாதிக்கும் மேற்பட்ட பகுதி வெந்துபோன நிலையில் அவளை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் சேர்த்தார்கள். காயங்கள் முதல் நிலை, இரண்டாம் நிலையைச் சேர்ந்தவை. அதாவது, வலி மிகுந்தவை என்றாலும் ஆறக்கூடியவை. குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாட்கள் இருந்த பிறகு புண்கள் ஆறத் தொடங்கின. அவளை அதற்கு அடுத்த நிலையிலுள்ள வார்டுக்கு மாற்றினார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நாள் வருவதற்கு முன்பே, பிப்ரவரி 22 அன்று, குழந்தை இறந்துபோனாள். உயிரைப் பறித்தது தீக்காயம் அல்ல. உடலில் நீர் வற்றிப்போனதும், அந்த நிலையில் கொடுக்கப்பட்ட ஓபியாய்டு வகை வலி மருந்தும் சேர்ந்துதான் அவள் இதயத்தை நிறுத்தின.

இந்த நிகழ்வைப் பற்றி மருத்துவத் துறைக்குள் 20 ஆண்டுகளுக்கும் மேலாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் மருந்துப் பிழை என்ற தலைப்பின் கீழோ, ஒருங்கிணைப்புக் குறைவு என்ற தலைப்பின் கீழோ இதை வைத்துப் பேசுவது வழக்கம். இரண்டும் சரியானவையே. ஆனாலும், இதை நுணுக்கமாகப் பின்தொடர்ந்தால் வேறொன்று கண்ணில் படுகிறது. குழந்தையின் தாய் சோரல் கிங், நடக்கக்கூடாத ஒவ்வொன்றும் நடப்பதற்கு முன்பாகவோ நடந்துகொண்டிருக்கும்போதோ அதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார். ஒருமுறைகூட அவர் தவறாகச் சொல்லவில்லை. அவர் சொன்னதைக் கேட்டவர்களும் அலட்சியமாகப் பேசி விரட்டிவிடவில்லை. ஆறுதலாகத்தான் பதில் சொன்னார்கள். சொல் சொல்லப்பட்டது, காதில் விழுந்தது, ஆனால் முடிவெடுக்கும் இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. இந்த ஆய்வு அந்த இடைவெளியைப் பற்றியது.

கடைசி இரண்டு நாட்கள்

குழந்தையின் தாகம்தான் தாய்க்கு முதலில் உறுத்தியது. குடிக்கும் பொருள் எதைக் கண்டாலும் ஜோசி கத்தி அழுதாள். ஆனால் வாய்வழியாக எதுவும் குடிக்கக் கொடுக்க வேண்டாம் என்று தாயிடம் சொல்லியிருந்தார்கள். அன்று மாலை செவிலியர் ஒருவரும் தாயும் சேர்ந்து குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, உடம்பைத் துடைக்க வைத்திருந்த ஈரத் துணியைப் பிடித்து வாயில் வைத்து வெறியோடு உறிஞ்சினாள். படுக்கையில் கிடத்தியபோது அவள் கருவிழிகள் மேலே செருகின. மருத்துவரைக் கூப்பிடும்படி தாய் கேட்டார். குழந்தைகள் பலசமயம் இப்படிச் செய்வதுண்டு, நாடித்துடிப்பு முதலிய அளவுகள் எல்லாம் சரியாகவே இருக்கின்றன என்று செவிலியர் சொன்னார். ஜோசி இதற்கு முன் இப்படிச் செய்ததே இல்லை என்று சொல்லி, இன்னொரு செவிலியர் வந்து பார்க்கட்டும் என்று தாய் கேட்டுக்கொண்டார். இரண்டாமவரும் வந்து பார்த்துவிட்டு அதையே சொன்னார். நீங்கள் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம் என்றும் சொல்லியனுப்பினார்கள்.

இரவில் இரண்டு முறை தொலைபேசியில் அழைத்துக் கேட்ட தாய், விடியற்காலை ஐந்தரை மணிக்குத் திரும்பி வந்து குழந்தையைப் பார்த்த மாத்திரத்தில், உடனே மருத்துவர் வந்தாக வேண்டும் என்று வலியுறுத்தினார். இம்முறை மருத்துவக் குழு வந்தது. ஓபியாய்டு மருந்தின் விளைவை முறிக்கும் நலோக்சோன் இரண்டு முறை செலுத்தப்பட்டது. குடிக்க ஏதாவது கொடுக்கலாமா என்று தாய் கேட்டார். அனுமதி கிடைத்ததும் ஜோசி ஏறக்குறைய ஒரு லிட்டர் பழச்சாற்றை மடமடவென்று குடித்தாள். 18 மாதக் குழந்தையின் வயிற்றுக்கு ஒரு லிட்டர் என்பது எவ்வளவு என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். இனி இந்த வகை வலி மருந்து எதுவும் கொடுக்கக்கூடாது என்று வாய்மொழி உத்தரவும் பிறப்பிக்கப்பட்டது. குழந்தை தெளிவடையத் தொடங்கினாள்.

நண்பகல் கடந்து ஒரு மணியளவில் ஒரு செவிலியர், அதே ஓபியாய்டு வகையைச் சேர்ந்த மெத்தடோன் மருந்தோடு வந்தார். இதைக் கொடுக்கக்கூடாது என்று உத்தரவு இருக்கிறதே என்று தாய் தடுத்துக் கேட்டார். உத்தரவு மாறிவிட்டது என்று சொல்லிச் செவிலியர் மருந்தைக் கொடுத்தார். தாய் குழந்தையின் பாதங்களைத் தடவிக்கொண்டிருந்தபோதே இதயம் நின்றது. மீண்டும் துடிக்க வைத்தார்கள் என்றாலும் அவள் மீண்டு வரவில்லை. பிறகு உயிர்காப்புக் கருவிகளை அகற்ற வேண்டியதாயிற்று.

இரண்டு வேறு ஒப்பீடுகள்

மாலையில் நடந்த அந்தச் சிறு உரையாடலில்தான் இந்த நிகழ்வின் முடிச்சு இருக்கிறது என்பது என் கருத்து. குழந்தைகள் இப்படிச் செய்வதுண்டு என்றார் செவிலியர். என் குழந்தை இப்படிச் செய்ததில்லை என்றார் தாய். இவை ஒன்றுக்கொன்று முரணான கூற்றுகள்போலத் தோன்றினாலும், இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். செவிலியர் தான் பார்த்த நூற்றுக்கணக்கான குழந்தைகளோடு ஜோசியை ஒப்பிடுகிறார். தாயோ நேற்றைய ஜோசியோடு இன்றைய ஜோசியை ஒப்பிடுகிறார். நோய் முற்றுவதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இரண்டாவது ஒப்பீடுதான். அந்த ஒப்பீட்டைச் செய்யத் தேவையான தகவல், எட்டு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ பணியாற்றிவிட்டுப் போகும் எவரிடமும் இருப்பதில்லை. இரவும் பகலும் துணைக்கு இருப்பவரிடம் மட்டுமே இருக்கிறது.

அளவுகள் சரியாக இருக்கின்றன என்ற பதிலும் இங்கே ஆராயத் தக்கது. சிறு குழந்தைகளின் உடல், நீரிழப்பை வெகுநேரம் மறைத்து வைத்துக்கொள்ளக்கூடியது. ரத்தக் குழாய்கள் சுருங்கி, இதயம் வேகமாகத் துடித்து, ரத்த அழுத்தத்தைக் கடைசிவரை தாங்கிப் பிடித்துவிடும். அழுத்தம் விழும்போது நிலைமை ஏற்கெனவே மிகவும் முற்றியிருக்கும். எனவே, குழந்தையின் ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது என்பது ஆபத்து இல்லை என்பதற்குச் சான்றாகாது. தொடக்கத்திலேயே தென்படக்கூடியவை வேறு: தாகம், வறண்ட நாக்கு, கண்ணீர் வராத அழுகை, குறைந்த சிறுநீர், சோர்வு, எல்லாவற்றுக்கும் மேலாக எடை. ஓரிரு நாட்களுக்குள் ஒரு குழந்தையின் எடை பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் அது கடுமையான நீரிழப்பு என்று கொள்ள வேண்டும். இவற்றில் எடையைத் தவிர மற்ற எல்லாம் தாய் தன் கண்ணால் பார்க்கக்கூடியவை. எந்த மானிட்டரின் திரையிலும் வராதவை. ஈரத் துணியை உறிஞ்சுவது ஒரு நோய்க்குறி. அதைக் குறித்துக்கொள்ளக் கேஸ் ஷீட்டில் கட்டம் எதுவும் இருப்பதில்லை.

நீரிழப்பு ஒருபுறம் இருக்க, மருந்தின் கணக்கு இன்னொருபுறம். மெத்தடோன் நெடுநேரம் உடலில் தங்கும் மருந்து. நலோக்சோனின் வேகம் அரைமணி முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். காலையில் முறிமருந்து தேவைப்பட்ட ஒரு குழந்தைக்குப் பிற்பகலில் அதே வகை மருந்தை மீண்டும் கொடுப்பது என்றால், யாரோ ஒருவர் உட்கார்ந்து இரண்டையும் சேர்த்து யோசித்து எடுத்த முடிவாக அது இருந்திருக்க வேண்டும். நீண்ட நாள் தீவிர சிகிச்சையில் வலி மருந்து பெற்ற குழந்தைக்கு அதைத் திடீரென்று நிறுத்தினால் வரும் பின்விளைவுகளைத் தவிர்க்க மெத்தடோன் தருவது வழக்கத்தில் உள்ளதுதான். மருந்து தன்னளவில் விபரீதமானதன்று. ஆனால் ஒரே நோயாளியை வெவ்வேறு குழுக்கள் பார்க்கும் பெரிய மருத்துவமனைகளில், ஒரு குழு வாய்மொழியாகச் சொன்னது இன்னொரு குழுவின் தாளுக்குப் போய்ச் சேராமல் போவது அரிதன்று. அன்று பிற்பகலில் காலை உத்தரவை நினைவில் வைத்திருந்து உரக்கச் சொன்னவர் தாய் ஒருவரே.

உத்தரவு மாறிவிட்டது என்ற அந்த இரண்டு சொற்களின் முன் ஒரு தாய் என்ன செய்ய முடியும்? கையைத் தட்டிவிட முடியாது. அப்படிச் செய்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று. மாற வேண்டியது அந்த நிமிடத்தில் இயங்கும் விதி. படுக்கையருகே இருக்கும் எவரேனும் ஒரு மருந்தைக் குறித்து ஐயம் எழுப்பினால், அதை எழுதிக் கொடுத்தவரிடம் நேரடியாகக் கேட்டு உறுதிசெய்யும்வரை மருந்து நிறுத்தி வைக்கப்பட வேண்டும் என்பதே அந்த விதி. உயிர் காக்கும் அவசர மருந்துகளுக்கு இது பொருந்தாது. ஆனால் வார்டில் வேளாவேளைக்குக் கொடுக்கும் மருந்துகளில் மிகப் பெரும்பாலானவற்றைப் பத்து நிமிடம் தாமதமாகக் கொடுப்பதால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது. அதோடு, வாய்மொழி உத்தரவைக் கேட்டவர் உடனே எழுதிக்கொண்டு, எழுதியதைச் சொன்னவரிடமே திருப்பி வாசித்துக் காட்டும் பழக்கமும் சேர வேண்டும். சிறிய வேலைதான். நெரிசலான வார்டில் முதலில் கைவிடப்படுவதும் இதுதான்.

இரவுத் தொலைபேசி அழைப்புகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தாய் இரண்டு முறை அழைத்தார். இரண்டு முறையும் பதில் சொன்ன இடம், மாலையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடிவுசெய்த அதே வார்டு. ஒருவருடைய கணிப்பைக் குறித்து எழும் ஐயத்தை அவரிடமே கொண்டுபோய்க் கேட்டால், பெரும்பாலும் முந்தைய கணிப்பேதான் பதிலாகத் திரும்பி வரும். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மனித மனம் இயங்கும் விதம் அப்படி. எனவே, அக்கறையோடு கேளுங்கள் என்று ஊழியர்களுக்கு அறிவுரை சொல்வதால் மட்டும் இந்த வளையம் உடைந்துவிடாது. வளையத்துக்கு வெளியே ஒரு காது வேண்டும்.

அதன் பின்னர்

மருத்துவமனை தன் தவறை ஒப்புக்கொண்டது. வழக்காடி ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்காமல் இழப்பீடு பேசி முடிக்கப்பட்டது. அந்தப் பணத்தின் ஒரு பகுதியைக் குடும்பத்தினர் அதே மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் நோயாளிப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்குவதற்கே கொடுத்தார்கள். மகளைப் பறிகொடுத்த இடத்துக்கே திரும்பிச் சென்று, அங்குள்ள மருத்துவர்களோடு உட்கார்ந்து வேலைசெய்வது எளிய காரியமன்று. அங்கே தீவிர சிகிச்சை மருத்துவராக இருந்த பீட்டர் புரோனோவோஸ்ட் இந்தப் பணியில் நெருங்கி ஈடுபட்டவர்களில் ஒருவர். பிற்பாடு மிச்சிகன் மாநிலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியூக்களில், ரத்த நாளத்துக்குள் குழாய் செலுத்தும்போது பின்பற்ற வேண்டிய ஐந்து எளிய படிகளை அவர் குழு நடைமுறைப்படுத்தியது. அதன் பயனாக அத்தகைய குழாய்கள் வழியே வரும் ரத்தத் தொற்று மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது என்று 2006 இல் வெளியான ஆய்வு காட்டியது. கை கழுவுதல், தோலைக் கிருமிநாசினியால் துடைத்தல், நோயாளியின் உடல் முழுவதையும் தூய விரிப்பால் மூடுதல், இயன்றவரை தொடை நாளத்தைத் தவிர்த்தல், தேவை முடிந்த குழாயை உடனே அகற்றுதல் ஆகியவையே அந்தப் படிகள். மருத்துவம் படிக்காதவருக்கும் புரியக்கூடியவை. இந்தத் திட்டத்தின் உயிர்நாடி வேறொன்று: மருத்துவர் ஒரு படியைத் தவறவிட்டால் அவரை நிறுத்தும் அதிகாரம் செவிலியருக்குக் கொடுக்கப்பட்டது. கீழிருப்பவர் மேலிருப்பவரைத் தடுக்கலாம் என்று நிர்வாகமே எழுதிக் கொடுத்தாலொழிய, பட்டியல் சுவரில் தொங்குவதோடு சரி.

செவிலியருக்குக் கொடுத்த அந்த அதிகாரத்தை நோயாளியின் குடும்பத்துக்கும் கொடுத்தால் என்ன என்ற கேள்வியிலிருந்து பிறந்ததுதான் அடுத்த படி. சோரல் கிங் சொன்ன தன் மகளின் கதையால் தூண்டப்பட்டு, பிட்ஸ்பர்க் நகரின் ஷேடிசைட் மருத்துவமனையில் 2005 இல் ‘கண்டிஷன் எச்’ என்ற முறையைத் தொடங்கினார்கள். நோயாளியோ உடனிருப்பவரோ ஒரு குறிப்பிட்ட எண்ணை அழைத்தால், வார்டு ஊழியர்களின் அனுமதி இல்லாமலேயே ஒரு குழு படுக்கைக்கு வந்து சேரும். இதயம் நின்றபின் ஓடிவரும் குழு வேறு. நிற்பதற்கு முன்பே வந்து பார்க்கும் விரைவு உதவிக் குழு வேறு. இரண்டாவது வகைக் குழு 1990 ஆம் ஆண்டளவிலேயே சிட்னியின் லிவர்பூல் மருத்துவமனையில் உருவாகிவிட்டது. ஆனால் அதை அழைக்கும் உரிமை ஊழியர்களுக்கு மட்டுமே இருந்தது.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அத்தகைய குழுக்களின் பயனை அளக்க ஆஸ்திரேலியாவின் 23 மருத்துவமனைகளில் நடந்த மெரிட் ஆய்வு 2005 இல் வெளியானபோது, குழுக்களை ஏற்படுத்திய மருத்துவமனைகளுக்கும் மற்றவற்றுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. காரணங்கள் பல கூறப்பட்டன. அவற்றுள் ஒன்று, அழைக்க வேண்டிய அளவுக்கு உடல்நிலை மோசமாகியிருந்த நோயாளிகள் பலருக்கு அழைப்பே போகவில்லை என்பது. குழு இருந்தது, எண் இருந்தது, அறிகுறியும் இருந்தது. தொலைபேசியை எடுக்கத்தான் கை நீளவில்லை. மேலதிகாரி என்ன சொல்வாரோ என்ற தயக்கத்தை எந்த உபகரணத்தாலும் தீர்க்க முடியாது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், மூன்று வயதுகூட நிரம்பாத ரயன் சாண்டர்ஸ் என்ற சிறுவன் 2007 இல் தொற்று முற்றி இறந்தான். பெற்றோரின் கவலைக்குச் செவிசாய்க்கப்படவில்லை என்பது அங்கும் வெளிப்பட்டது. 2013 முதல் அம்மாநிலத்தில் ‘ரயன் விதி’ நடைமுறையில் இருக்கிறது. முதலில் செவிலியரிடமோ மருத்துவரிடமோ சொல்ல வேண்டும். மனநிறைவு இல்லையென்றால் பொறுப்பிலுள்ள செவிலியரிடம் பேச வேண்டும். அப்படியும் கவலை தீராவிட்டால் ஒரு பொது எண்ணை அழைத்து ரயன் விதிப்படி மறுபரிசீலனை வேண்டும் என்று கேட்கலாம். மூன்றாம் படியை மட்டும் தனியே வைக்காமல் மூன்றையும் ஏணிபோல் அடுக்கியிருப்பது நல்ல ஏற்பாடு. பெரும்பாலான கவலைகள் முதல் படியிலேயே தீர்ந்துவிடும். ஏனென்றால் மூன்றாம் படி ஒன்று இருக்கிறது என்பது முதல் படியில் நிற்பவருக்கும் தெரியும்.

இங்கிலாந்தில் மார்தா மில்ஸ் என்ற 13 வயதுச் சிறுமி, சைக்கிளிலிருந்து விழுந்து கணையத்தில் அடிபட்டு, லண்டனின் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் சிகிச்சை பெற்று வந்தாள். ரத்தத்தில் பரவிய தொற்று முற்றி 2021 ஆகஸ்ட் 31 அன்று இறந்தாள். தொற்று கைமீறிப் போகிறதோ என்ற அச்சத்தைப் பெற்றோர் முன்பே தெரிவித்திருந்தார்கள். உரிய நேரத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியிருந்தால் அவள் பிழைத்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று விசாரணையில் முடிவாயிற்று. ஜோசிக்கும் இவளுக்கும் இடையே 20 ஆண்டுகள், ஒரு பெருங்கடல். ஆனாலும் இரண்டு வார்டுகளிலும் நடந்த உரையாடலின் வடிவம் ஒன்றே. நோயாளியோ குடும்பத்தினரோ ஓர் எண்ணை அழைத்து வேறொரு குழுவின் மறுபரிசீலனையைக் கேட்க வழிசெய்யும் ‘மார்தா விதி’ 2024 இல் இங்கிலாந்தின் 143 மருத்துவமனை வளாகங்களில் தொடங்கியது.

மருத்துவமனைகள் இத்தகைய விதிகளுக்குத் தயங்குவதற்குச் சொல்லும் முதல் காரணம், வேண்டாத அழைப்புகள் குவிந்துவிடும் என்பது. சோறு ஆறிப்போயிருக்கிறது, விசிறி ஓடவில்லை என்றெல்லாம் அவசர எண்ணை அழைப்பார்கள் என்று அஞ்சுகிறார்கள். 2024 செப்டம்பர், அக்டோபர் ஆகிய இரு மாதங்களுக்கு இங்கிலாந்து வெளியிட்ட கணக்கைப் பார்ப்போம். மொத்த அழைப்புகள் 573. அவற்றில் பாதி, அதாவது 286, உடல்நிலை மோசமாவதைப் பற்றிய மருத்துவப் பரிசோதனை தேவைப்பட்டவை. 57 பேருக்குச் சிகிச்சையே மாற்றப்பட்டது. 14 பேர் உடனே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு வளாகத்துக்கு மாதம் இரண்டு அழைப்புகள். எஞ்சிய பாதி வீண் அழைப்புகள் என்றே வைத்துக்கொண்டாலும், அதை வெள்ளம் என்று சொல்ல முடியாது.

மருத்துவமனைகள் செய்ய வேண்டியவை

இம்முறையை ஏற்க முன்வரும் மருத்துவமனை முதலில் தீர்மானிக்க வேண்டியது, இரவு இரண்டு மணிக்கு அந்தத் தொலைபேசியை யார் எடுப்பது என்பதை. வரவேற்பறையில் இருப்பவர் எடுத்து, அவர் வார்டுக்கு மாற்றிவிட்டால், அழைப்பு புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டது என்று பொருள். எடுப்பவர் அந்த வார்டைச் சாராதவராகவும், நோயாளியைப் பரிசோதிக்கத் தகுதியுள்ளவராகவும், வேண்டுமானால் ஐசியூவுக்கு மாற்றும் அதிகாரம் உள்ளவராகவும் இருக்க வேண்டும். தீவிர சிகிச்சையில் பயிற்சி பெற்ற மூத்த செவிலியர்கள் இந்தப் பணிக்கு மிகவும் பொருத்தமானவர்கள்.

அறிவிப்புப் பலகை எங்கே இருக்கிறது என்பதும் சிறிய விஷயமல்ல. மின்தூக்கிக்கு அருகே மற்ற பத்து அறிவிப்புகளோடு ஒட்டப்பட்ட தாளை யாரும் படிப்பதில்லை. படுத்திருப்பவரின் கண்ணுக்கும், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கும் நேராக, அவர்கள் பேசும் மொழியில் அது இருக்க வேண்டும். நோயாளியை வார்டில் சேர்க்கும்போதே செவிலியர் அந்த எண்ணைக் காட்டி, ‘நாங்கள் சொல்வது உங்களுக்குத் திருப்தியில்லை என்றால் இதில் கூப்பிடுங்கள், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்’ என்று தன் வாயாலேயே சொல்வது எல்லாவற்றையும்விடப் பலன் தரும். தாளில் உள்ள அனுமதியைவிட மனிதர் வாயிலிருந்து வரும் அனுமதிக்கு வலு அதிகம்.

பணி மாறும் நேரத்தை இன்னும் கவனமாக நடத்த வேண்டும். தீவிர சிகிச்சையிலிருந்து வார்டுக்கு மாற்றும்போதும், ஷிப்ட் முடிந்து அடுத்தவர் வரும்போதும்தான் தகவல்கள் அதிகம் சிந்திப்போகின்றன. பயிற்சி மருத்துவர்கள் ஒரு வரையறுத்த முறையில் நோயாளிகளை ஒப்படைக்கும் ‘ஐ-பாஸ்’ திட்டத்தை ஒன்பது மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளில் செயல்படுத்தியபோது, தவிர்த்திருக்கக்கூடிய தீங்குகள் 30 சதவீதம் குறைந்தன என்று 2014 இல் அறிவிக்கப்பட்டது. அதே முறையைக் குடும்பத்தினரும் பங்கேற்கும் காலை ரவுண்ட்ஸுக்கு விரித்து ஏழு மருத்துவமனைகளில் சோதித்த முடிவுகள் 2018 இல் வெளிவந்தன. பிழைகளின் மொத்த எண்ணிக்கை மாறவில்லை. ஆனால் நோயாளிக்குத் தீங்கு விளைவித்த பிழைகள் ஏறக்குறைய 38 சதவீதம் குறைந்தன. இந்த வேறுபாடு எனக்கு மிகவும் பொருள் பொதிந்ததாகப் படுகிறது. குடும்பம் பக்கத்தில் இருப்பதால் மனிதர்கள் தவறிழைப்பது நின்றுவிடவில்லை. தவறு நோயாளியின் உடலைத் தொடும் முன் யாரோ ஒருவர் பார்த்துவிடுகிறார் என்றே இதைப் புரிந்துகொள்கிறேன்.

ஆள் பற்றாக்குறை உள்ள வார்டில் இவை எதுவும் நிலைக்காது என்பதையும் நிர்வாகங்கள் உணர வேண்டும். ஒரு செவிலியர் கவனிக்கும் நோயாளிகளின் எண்ணிக்கையில் ஒன்று கூடும்போது, அறுவைச் சிகிச்சை நோயாளிகள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்ததை 2002 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. மூச்சுவிட நேரமில்லாத ஒருவரிடம் காதுகொடுத்துக் கேளுங்கள் என்று சொல்வதில் நியாயமில்லை.

உடனிருப்பவர்கள் செய்யக்கூடியவை

துணைக்கு இருப்பவர் ஒரு சிறிய நோட்டை வைத்துக்கொள்வது நல்லது. எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தார், சிறுநீர் எப்போது கழித்தார், எந்த மருந்து எப்போது கொடுக்கப்பட்டது, மருத்துவர் வாய்மொழியாக என்ன சொன்னார் என்பவற்றை நேரத்தோடு குறித்தால் போதும். செவிலியரிடம் சொல்லும்போது, ‘ஒரு மாதிரியா இருக்கா’ என்பதைவிட, ‘சிஸ்டர், நேத்து ராத்திரிவரைக்கும் கூப்பிட்டா உடனே திரும்பிப் பார்த்தா. இன்னிக்குக் காலையிலிருந்து மூணு தடவை கூப்பிட்டாத்தான் கண்ணைத் திறக்கிறா. விடிஞ்சதிலிருந்து சிறுநீரே போகலை’ என்று சொன்னால், அது தட்டிக் கழிக்க முடியாத தகவலாகிவிடுகிறது. நேற்று எப்படி, இன்று எப்படி என்ற ஒப்பீடு அந்த வாக்கியத்துக்குள் இருக்க வேண்டும். அதன் பிறகும் ஒன்றுமில்லை என்ற பதில் வந்தால், குரலை உயர்த்தாமல், ‘எனக்குப் பயமா இருக்கு, உங்களுக்கு மேலே இருக்கிற டாக்டர்கிட்ட நான் பேசணும், யாரைக் கூப்பிடலாம்?’ என்று நேராகக் கேட்கலாம். பயமாக இருக்கிறது என்ற சொல்லைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. நாகரிகம் கருதிப் பலர் விழுங்கிவிடுவது அதைத்தான்.

மருந்து கொடுக்க வரும்போது அதன் பெயரையும் எதற்காகத் தரப்படுகிறது என்பதையும் கேட்பது நோயாளியின் உரிமை. முன்பு கேட்டதற்கு மாறாக இருந்தால், ‘காலையில டாக்டர் வேண்டாம்னு சொன்னாரே, அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கொடுங்க, நான் காத்திருக்கேன்’ என்று சொல்லலாம். சொல்லும் தொனியில் குற்றச்சாட்டு இல்லாமல் இருந்தால், நல்ல செவிலியர்கள் இதை வரவேற்கவே செய்வார்கள். அவர்களுக்கும் இது பாதுகாப்பு. பேச முடியாத முதியவர்கள், மயக்க நிலையில் இருப்பவர்கள், மொழி தெரியாத இடத்தில் சிகிச்சை பெறுபவர்கள் ஆகியோரின் விஷயத்தில் இந்தப் பொறுப்பு இன்னும் கூடுகிறது. துணைக்கு ஆளே இல்லாமல் தனியாகப் படுத்திருப்பவர்களுக்கு இந்த ஏற்பாட்டில் பயன் குறைவு என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவர்களுக்காக வார்டு தானாகவே கேட்க வேண்டும்.

மார்தா விதியில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி அதற்குத்தான் இருக்கிறது. அவசர எண்ணைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். ஆனால் அந்த விதி இன்னொன்றையும் கோருகிறது: நாள்தோறும் ஒருமுறையாவது நோயாளியிடமோ குடும்பத்தாரிடமோ, நேற்றைவிட இன்று எப்படி இருக்கிறது என்று ஊழியர்களே போய்க் கேட்டு, பதிலைப் பதிவுசெய்ய வேண்டும். கேட்கப்படாதவரை வாய் திறக்கத் தயங்கும் குடும்பங்கள்தாம் எந்த வார்டிலும் அதிகம் என்பதால், எண்ணைவிட இந்தக் கேள்வியே கூடுதல் உயிர்களைக் காக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இங்கிலாந்தில் 2023 நவம்பரில் குழந்தைகளுக்கென அறிமுகமான தேசிய எச்சரிக்கை அட்டவணையில், மூச்சு, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, உணர்வு நிலை ஆகியவற்றுக்கான கட்டங்களோடு பெற்றோரின் கவலையைக் குறிப்பதற்கும் ஒரு கட்டம் சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்தக் கட்டத்தில் குறி விழுந்துவிட்டால், மற்றக் கட்டங்களில் உள்ள எண்கள் எவ்வளவு சரியாக இருந்தாலும், குழந்தையை அடுத்த நிலை மருத்துவரின் கவனத்துக்கு உடனே கொண்டுசென்றாக வேண்டும்.